மொய் எழுதாத பணம்



'பணமும் நம் சமூகமும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. பணத்தைத் திட்டினால் போதும், கைதட்டல் நிச்சயம். 'பணம் பந்தியிலே, குணம் குப்பையிலே' என்று தொடங்கி, நடுவில் காமராஜரையும் கக்கனையும் ஒருமுறை நினைத்து உருகி, 'பணம் பாதாளம் வரைக்கும் பாயும்' என்று முடித்தால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அவர்கள் இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த மாதிரி மேடைகளில் அவர்கள் பெயரைச் சொல்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. மகான்களைக் கும்பிட்டுவிட்டால், நாம் செய்வதைப் பற்றிப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

பணத்தைத் திட்டும் உரிமை நமக்கு அவ்வளவாக இல்லை. வள்ளுவர் 133 அதிகாரங்களில் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்குக் கொடுத்தவர். செல்வம் இல்லாதவனை உலகம் எப்படி நடத்தும் என்று பூசி மெழுகாமல் சொன்னவர். காசைச் சம்பாதிப்பதையும் சேர்ப்பதையும் பாவமாக நினைத்த மரபு நம்முடையது இல்லை. ஆகவே பணம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிடுவோம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பணம் போகும்போது, அதோடு சேர்ந்து ஒரு கடமையும் போகிறது. அந்தக் கடமையை யார் எழுதி வைக்கிறார்கள், யாருக்கு அது தெரியும், யாரிடமிருந்து அது மறைக்கப்படுகிறது? இன்று இதை மட்டும் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

கடமையோடு பணம் கொடுப்பதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மொய் என்று ஒன்றை வைத்திருக்கிறோமே.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். வீட்டில் கல்யாணமும் இருக்காது, காதுகுத்தும் இருக்காது. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுவார்கள். ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்து நடத்துவதும் உண்டு. அப்போது வரிசையாக மேசைகள் போட்டிருக்கும். ஒவ்வொரு மேசைக்கு மேலும் விருந்து வைப்பவர் பெயர் எழுதிய அட்டை. மேசைக்கு இரண்டு மூன்று பேர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார். ஒருவர் ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை என்று சத்தமாகச் சொல்வார். ஒருவர் நோட்டில் எழுதுவார். இப்போது பல இடங்களில் நோட்டுக்குப் பதில் கணினி. எழுதி முடித்ததும் ரசீது கையில் வந்துவிடும். எண்ணும் இயந்திரம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

சாப்பிட வருகிறவர் சும்மா வருவதில்லை. வீட்டில் பழைய மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். தான் விருந்து வைத்தபோது இப்போது அழைத்திருப்பவர் எவ்வளவு போட்டார், அதற்கு மேல் இப்போது எவ்வளவு போட வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார். பழையதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். மேலே கொஞ்சம் சேர்த்துப் போட்டால் உறவு தொடர்கிறது. ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் விருந்து வைக்கலாம் என்பது அங்கே வழக்கம். கிணறு வெட்ட, வீடு கட்ட, பிள்ளையைப் படிக்க வைக்க, கடனை அடைக்க இந்தப் பணம் உதவியிருக்கிறது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. திருப்பிப் போடாத ஆளை எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது, ஊர்தான் கூப்பிடும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு மொய் வசூல் படுத்துவிட்டது. போட வேண்டிய நேரத்தில் போட முடியாமல் தலைகுனிந்து நடந்தவர்கள் பலர்.

இதைப் புனிதப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. கடன் வாங்கி மொய் போட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஆனாலும் இதில் இரண்டு குணங்கள் இருக்கின்றன. பணம் வாங்கினால் அதை மறக்கக் கூடாது என்பது ஒன்று. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது ஊருக்கே கேட்கும்படி சொல்லப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து இருக்கும்வரை ஏமாற்றுவது கடினம். முதல் குணத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நம் அரசியலில் நடப்பது அதுதான் என்பது என் கட்சி.

ஓட்டுக்குப் பணம் என்பதற்கு வருவோம். 2009 ஜனவரியில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. அதற்கு முன்பும் தேர்தலில் பணம் புழங்கத்தான் செய்தது. வேட்டி, சேலை, மூக்குத்தி, சாராயம், கடைசி ராத்திரியில் கையில் திணிக்கப்படும் நூறு ரூபாய் எல்லாம் பழைய கதை. திருமங்கலத்தில் அது வாக்காளர் பட்டியலை வைத்து வீடு வீடாக முறைப்படுத்தப்பட்ட பட்டுவாடாவாக மாறியது என்று பத்திரிகைகள் எழுதின. 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் அன்றிலிருந்து இந்திய அரசியலின் அகராதியில் ஏறிவிட்டது. நாம் ஏற்றுமதி செய்த சொற்களில் இதுவும் ஒன்று.

2016 சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தாகி, நவம்பரில் மறுபடி நடந்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. அந்த டிசம்பரில் அது நடந்தபோது இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டது. 2019 ஏப்ரலில் வேலூர். காட்பாடிப் பக்கம் ஒரு சிமெண்ட் கிடங்கிலிருந்து கோடிக்கணக்கில் பணம் பிடிபட்டு, ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலையே குடியரசுத் தலைவரின் உத்தரவால் ரத்து செய்ய வேண்டிவந்தது. பணத்தால் ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் என்ற பெயர் வேலூருக்குக் கிடைத்தது.

அதே வேலூரின் சிறையில்தான் 1922 ஜனவரியில் ராஜாஜி தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். சுயராஜ்யம் கிடைத்த உடனே தேர்தலின் ஊழலும் செல்வத்தின் கொடுங்கோன்மையும் மக்கள் வாழ்க்கையை நரகமாக்கிவிடும் என்று அவர் அதில் பயந்திருக்கிறார். சுதந்திரம் வர இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. தீர்க்கதரிசனம் என்று இதைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். நானும் வியக்கிறேன், ஆனால் பாதிதான். அவர் அதை எழுதிய நாளில் சென்னை மாகாணத்தில் ஓட்டு யாருக்கு இருந்தது? நிலவரியோ நகராட்சி வரியோ கட்டும் அளவுக்குச் சொத்து உள்ளவர்களுக்கு. குத்தகைக்கு உழுதவனுக்கும் கூலிக்குப் போனவளுக்கும் கிடையாது. இன்னும் ஆயிரம் ஆண்டு பின்னால் போய் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்தாலும், குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். ஆக, செல்வத்தின் ஆதிக்கம் தேர்தலோடு வந்ததில்லை. முன்பு அது வாசலிலேயே நின்று ஏழையை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டது. 1952-ல் எல்லோருக்கும் கதவு திறந்த பிறகு ஏழையின் வீட்டுக்கு நடந்து போக வேண்டிய நிலைமை அதற்கு வந்தது. இதை வீழ்ச்சி என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.

உத்திரமேரூரில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக் கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமன், மாமனார் என்று உறவுமுறை சொல்லி அத்தனை பேரையும் தள்ளி வைத்தார்கள். 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. அது பிராமணர்களின் சபை. எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை. ஆனால் கணக்கில் அவர்கள் காட்டிய கண்டிப்பு இன்று நம்மிடம் இல்லை.

சரி, இன்றைய கணக்கு என்ன? பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். 2022-ல் வந்த வரம்பு இது. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை லட்சம் வாக்காளர்கள் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு மட்டும், தலைக்கு வெறும் 500 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறே கால் கோடி. வரம்பைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். கொடுப்பவருக்கும் குற்றம், வாங்குபவருக்கும் குற்றம், ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. பறக்கும் படை, நிலைக் கண்காணிப்புக் குழு, கேமரா எல்லாம் உண்டு. ஆனால் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆவணம் இல்லாமல் எடுத்துப்போய் மாட்டிக்கொள்பவர்களில் மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயியும் காய்கறி மண்டி வியாபாரியும்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

இதில் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயம் உண்டு. ஓட்டு ரகசியமானது. பணம் வாங்கியவர் யாருக்குப் போட்டார் என்று கொடுத்தவருக்குத் தெரியவே வழியில்லை. வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டால் யாரும் கேட்க முடியாது. அப்படி இருந்தும் கோடி கோடியாக ஏன் கொட்டுகிறார்கள்? அரசியல்வாதிகள் மூடர்கள் இல்லையே!

இதற்கு எனக்குப் பதில் சொன்னவர் ஊரில் இருக்கும் என் அத்தை ஒருவர். ஒரு தேர்தல் முடிந்த வாரம் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன், "காசு வந்துச்சா அத்தை?"

"வந்துச்சு மருமகனே. ரெண்டு பக்கமும் குடுத்தாங்க. நம்ம வீட்டுல நாலு ஓட்டு."

"யாருக்குப் போட்டீங்க?"

"ரெண்டு ஓட்டு அவங்களுக்கு, ரெண்டு ஓட்டு இவங்களுக்கு. நானும் உங்க மாமாவும் ஒண்ணுல, பயலும் மருமகளும் ஒண்ணுல."

"யாருக்குத் தெரியப்போகுது? மனசுக்குப் பிடிச்சவங்களுக்குப் போட்டிருக்கலாமே?"

கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காசு வாங்கிட்டு எப்படிப்பா? நம்ம சாதி சனத்துல அப்படி ஒரு பழக்கம் உண்டா?"

இந்த அம்மாளைத்தான் நாம் விலைபோனவர் என்கிறோம். படித்தவர்கள் கூடும் இடங்களில் 'ஐந்நூறு ரூபாய்க்கு நாட்டை விற்கிறார்கள்' என்று சொல்லும்போது என் காதில் அத்தையின் குரல்தான் கேட்கும். பணம் கொடுத்த கட்சிக்காரர் நம்பியது அவருடைய பேராசையை இல்லை. பேராசைக்காரர் வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டுவிடுவார். வாங்கியதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற அவருடைய நேர்மையைத்தான் நம்பினார். மொய்ப் பந்தலில் வளர்ந்த நேர்மை அது. பட்டுவாடா செய்பவர்கள் சில இடங்களில் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்குகிறார்கள் என்றால், யாரிடம் சத்தியம் செல்லும் என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள். ஒரு சமூகத்தின் நல்ல குணத்தை முதலாகப் போட்டு நடத்தும் வியாபாரம் இது. அதனால்தான் இது இவ்வளவு கேவலமானது.

கொடுத்தால் ஜெயித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. இரண்டு தரப்பும் கொடுக்கும் தொகுதியில் ஒருவர் தோற்கத்தானே வேண்டும். கட்சிக்காரர்களிடம் பேசினால் சொல்வார்கள்: கொடுத்தால் ஜெயிப்போம் என்று இல்லை, கொடுக்காவிட்டால் கண்டிப்பாகத் தோற்போம். நுழைவுக் கட்டணம் ஆகிவிட்டது. அதன் விளைவு வாக்குச்சாவடியில் தெரியாது, வேட்பாளர் நேர்காணலில் தெரியும். 'எவ்வளவு செலவு பண்ணுவீங்க?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பள்ளிக்கூட ஆசிரியரும், இருபது வருடம் கொடி கட்டிய கிளைச் செயலாளரும் அங்கேயே கழன்றுவிடுகிறார்கள். நாம் வாக்களிக்கப் போகும்போது, யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பணம் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னது சில்லறை. மொத்த வியாபாரத்துக்கு வருகிறேன்.

1957-ல், இரண்டாவது பொதுத்தேர்தல் சமயத்தில், டாடா இரும்பு எஃகு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நிதி கொடுப்பதற்காகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்தியது. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, அன்றைய சட்டப்படி அதைத் தடுக்க முடியாமல் அனுமதித்தார். ஆனால் கம்பெனிப் பணம் கட்சிக்குள் வர ஆரம்பித்தால் அது வளர்ந்து ஜனநாயகத்தின் குரல்வளையையே பிடிக்கும், நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். நாடாளுமன்றம் கவனித்தது, தன் வசதிப்படி. 1969-ல் கம்பெனி நன்கொடையை முழுக்கத் தடை செய்தது. கம்பெனிகள் அதற்காகக் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. காசோலை போய்ப் பெட்டி வந்தது. 1985-ல் மறுபடி அனுமதித்தார்கள். 2013-ன் கம்பெனிச் சட்டம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்று வரம்பு வைத்தது. 2017-ல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். லாபமே இல்லாத கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்கு என்று தன் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்று ஆனது.

அதோடு வந்ததுதான் தேர்தல் பத்திரம். 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் விற்பனை. ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகள். வாங்கியவர் பெயர் அதில் இருக்காது. 15 நாளுக்குள் கட்சி அதைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். கறுப்புப் பணத்தை ஒழிக்கும் ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. வங்கி வழியாக வருவதால் வெள்ளைப் பணம் என்பது உண்மைதான். யார் கொடுத்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

யாருக்கும் என்றா சொன்னேன்? அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் பத்திரம் ஒன்றை வாங்கிப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று, புற ஊதா விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனி எண். ஆக, மொய் நோட்டு இருந்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் அறிவார்கள், நடுவில் இருந்த வங்கியிடம் எல்லாம் பதிவாகியிருந்தது. பந்தலுக்கு வெளியே நின்ற ஊர்க்காரனுக்கு மட்டும்தான் தெரியக் கூடாது. அந்த ஊர்க்காரன் வேறு யாருமில்லை, வாக்காளர்.

2024 பிப்ரவரி 15 அன்று, உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக இந்தத் திட்டத்தைச் செல்லாது என்றது. நோட்டை வெளியே கொண்டுவரச் சொன்னபோது வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மார்ச் 11 அன்று, மறுநாளே கொடு என்றது. கொடுத்துவிட்டார்கள்! நான்கு மாதம் கேட்டவர்களால் எப்படி ஒரே நாளில் கொடுக்க முடிந்தது என்பதை வங்கியில் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது பிறகு தனியாக எனக்கு விளக்கினால் நன்றி சொல்வேன்.

மொத்தம் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. 2019 ஏப்ரல் முதல் வெளியான விவரத்தில் ஏறத்தாழ பாதி, 6,060 கோடி, ஆளும் பாரதிய ஜனதாவுக்குப் போயிருந்தது. திரிணமூல், காங்கிரஸ், பாரத ராஷ்டிர சமிதி எல்லாம் ஆயிரம் கோடிக்கு மேல். பத்திரமே வாங்குவதில்லை என்று இருந்து, வழக்கும் போட்டது மார்க்சிஸ்ட் கட்சி.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால் தி.மு.க. 656.5 கோடி வாங்கியிருந்தது. அதில் 509 கோடி ஒரே நிறுவனத்திடமிருந்து. நாடு முழுவதிலும் அதிகமாகப் பத்திரம் வாங்கிய நிறுவனமும் அதுவே. 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003 ஜனவரியிலேயே தடை செய்யப்பட்டது என்பதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும். வெளி மாநிலத்தில் கூலிக்காரர்கள் வாங்கிய சீட்டின் காசு, நம் மாநிலத்துக் கட்சியின் கணக்கில். கொடுத்தவர் யாரென்று தி.மு.க. தானே முன்வந்து சொன்னது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எப்போது? நீதிமன்றம் கணக்குக் கேட்ட பிறகு.

இவ்வளவு பெரிய தொகையை வாங்கிக்கொண்டு, கொடுத்தவருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு கட்சி இருந்துவிட முடியுமா? நாலு ஓட்டைச் சரிபாதியாகப் பிரித்த என் அத்தைக்கே அது முடியவில்லையே.

இனி நம் வீடுகளுக்குள் வருகிறேன். உங்களில் பலர் ஓட்டுக்குக் காசு வாங்காதவர்கள். நல்லது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தபோது கட்டிய நன்கொடைக்கு ரசீது வாங்கினீர்களா? கட்டாய நன்கொடையைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பையில் பணத்தோடு அந்த அறைக்குள் போய், அங்கே இருந்தவர் எண்ணி வாங்கி மேசைக்குள் போட்டதை மௌனமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், பத்திரத்தைப் பற்றியோ பட்டுவாடாவைப் பற்றியோ கோபப்படும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம்.

இப்படி எதற்கும் ஒரு விலை வைத்தால் மனசு எப்படி மாறும் என்பதற்கு இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்த ஒரு சோதனையைச் சொல்வார்கள். குழந்தைகள் காப்பகங்களில் சில பெற்றோர் மாலையில் தாமதமாக வந்து பிள்ளையை அழைத்துப் போவார்கள். காத்திருக்கும் ஆசிரியையைப் பார்த்துக் கூச்சப்படுவார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் க்னீசி, ரஸ்டிச்சினி இருவரும் சில காப்பகங்களில் தாமதத்துக்கு அபராதம் போடச் செய்தார்கள். தாமதம் குறையவில்லை, இரண்டு மடங்கானது. காசு கட்டுகிறோமே, பிறகென்ன கூச்சம்? சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் அப்படியே இருந்தது. போன கூச்சம் திரும்பவில்லை.

நம் தேர்தலிலும் இந்த மாற்றம் கண்முன்னே நடந்திருக்கிறது. முதலில் கதவைச் சாத்திக்கொண்டு வாங்கினார்கள். பிறகு வாசலில் நின்று வாங்கினார்கள். 2021 அக்டோபரில் தெலங்கானாவின் ஹுசூராபாத் இடைத்தேர்தலில், பக்கத்துத் தெருவுக்கு வந்த கவர் எங்களுக்கு ஏன் வரவில்லை என்று மக்கள் வெளிப்படையாகவே போராட்டம் செய்தார்கள். உரிமைப் போராட்டம்! அத்தையின் தலைமுறை கடமையாக நினைத்தது, அடுத்த தலைமுறைக்குப் பங்காகத் தெரிகிறது. இனிமேல் வாங்கிக்கொண்டு மாற்றிப் போடவும் செய்வார்கள். அதை விழிப்புணர்வு என்று சிலர் பாராட்டுவார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. ஊழலும் அப்படியே இருந்து, வாக்கு தவறாத குணமும் போய்விட்டால் மிச்சம் என்ன?

போனது எதுவும் திரும்பாது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் ரத்தம் விற்பவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். பசிக்கு விற்றவர்கள், போதைக்கு விற்றவர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் வாங்குவது தடை செய்யப்பட்டது. ஆஸ்பத்திரிகள் இழுத்து மூடப்படும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். மூடவில்லை. கல்லூரிப் பிள்ளைகளும் ரசிகர் மன்றத்துக்காரர்களும் வரிசையில் வந்து படுத்துக் கொடுத்தார்கள். காசு புகுந்த இடத்திலிருந்து காசை வெளியே அனுப்ப முடிந்த ஒரு இடமாவது நம்மிடம் இருக்கிறது. அங்கே கூடத் தடை மட்டும் போதவில்லை. யாரிடம் வாங்கியது, யாருக்குக் கொடுத்தது என்று ஒவ்வொரு பைக்கும் பதிவு வைக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, 'சரி ஐயா, என்ன செய்யலாம்?' என்று கேட்கப்போகிறீர்கள். எப்போதும் கேட்பார்கள். உபதேசம் என்னிடம் இல்லை, ஒரு முகவரி இருக்கிறது.

தேர்தல் முடிவு வந்து 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தன் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். டீ, வடை, நாற்காலி வாடகை, மேளம், கொடி, மாலை ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு கணக்கைப் பார்த்தேன். எத்தனை டீ, எத்தனை லிட்டர் டீசல், எத்தனை துண்டு என்று அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தது. மொத்தம் வரம்பைத் தொடவே இல்லை. தொகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு செலவுக்கு மட்டும் அதில் வரி இல்லை. கட்சிகள் தங்கள் பெயரில் செய்யும் செலவுக்கோ சட்டத்தில் வரம்பே கிடையாது. 20,000 ரூபாய்க்கு மேற்படாத நன்கொடையைக் கொடுத்தவர் பெயரை அவர்கள் ஆணையத்துக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

பொய்க் கணக்கு கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், தனக்குச் சாதகமாகச் செய்தி போடப் பத்திரிகைக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் காட்டவில்லை. 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் அவரை மூன்றாண்டுக்குத் தகுதிநீக்கம் செய்தது. அது ஒரு புகாரில் தொடங்கியது. 2014-ல் உச்ச நீதிமன்றமும், வந்த கணக்கு உண்மையா என்று விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தது.

அந்தக் கணக்கை யார் பார்க்கலாம் தெரியுமா? யார் வேண்டுமானாலும். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 88-ஆவது விதி. பார்ப்பதற்குக் கட்டணம் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்கு மறக்காமல் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.